தோற்கும் உரிமை யாருக்கு?

எங்கள் துறையில் எதை வெற்றி என்கிறோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயிரக்கணக்கான தோல் செல்களை ஒரு தட்டில் வளர்ப்போம். அவற்றுக்குள் நான்கு மரபணுக்களைச் செலுத்துவோம். பிறகு மூன்று நான்கு வாரங்கள், ஞாயிற்றுக்கிழமை, பொங்கல், தீபாவளி என்று பாராமல் லேபுக்குப் போய் மீடியம் மாற்றுவோம். மீடியம் என்பது செல்கள் தின்று வாழும் திரவம். கடைசியில் ஆயிரத்தில் ஒரு செல் ஸ்டெம் செல்லாக மாறியிருந்தால் லேபில் இனிப்பு கொடுப்பார்கள். ஒன்றுகூட மாறாத தட்டுகளே அதிகம்.

மாறாமல் போன 999 செல்களைப் பார்த்து "இவற்றுக்குத் தகுதி இல்லை" என்று எந்த விஞ்ஞானியும் சொல்லி நான் கேட்டதில்லை. மீடியம் பழசாகிவிட்டதா, மரபணு போதுமான அளவு உள்ளே போனதா, இன்குபேட்டரில் கார்பன் டை ஆக்சைடு குறைந்ததா என்றுதான் கேட்பார்கள். செல் மாறவில்லை என்றால் முதலில் சூழலைச் சந்தேகப்படு என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி.

அதே அறையில் வேலை செய்யும் மனிதர்களுக்கு மட்டும் விதி தலைகீழ். முற்பட்ட சாதி மாணவரின் சோதனை ஆறு மாதம் ஓடவில்லை என்றால் அது "கஷ்டமான பிராஜெக்ட்". தலித் மாணவரின் சோதனை ஆறு வாரம் ஓடவில்லை என்றால் அவர் "கோட்டாவில் வந்தவர்". அவருக்கு மீடியத்தில் குறை, எங்களுக்குப் பிறப்பிலேயே குறை.

நான் செயற்கை உயிரியலிலும் செல் மறுநிரலாக்கத்திலும் ஆறாவது ஆண்டாக ஆய்வு செய்யும் தலித் மாணவன். திருவண்ணாமலை மாவட்டத்தில் அரசுப் பள்ளி, அரசுக் கலைக் கல்லூரி, மாநிலப் பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி., பிறகு வெளிமாநிலத்தில் ஒன்றிய அரசின் ஓர் ஆராய்ச்சி நிறுவனம் என்று வந்து சேர்ந்தவன். "அறிவியல் கூடத்தில் ஏது சாதி?" என்று கேட்பவர்களுக்கு என்னிடம் ஒரே பதில்தான் இருக்கிறது. அங்கே தோற்பதற்கு யாருக்கெல்லாம் அனுமதி இருக்கிறது என்று பாருங்கள். சாதி அந்த இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

பள்ளத்தில் விழுந்த பந்து

விஷயம் தெரியாத நண்பர்களுக்காக அறிவியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் தோல் செல்லிலும் மூளைச் செல்லிலும் இதயச் செல்லிலும் இருக்கும் மரபணுத் தொகுதி ஏறக்குறைய ஒன்றேதான். எந்த மரபணு விழித்திருக்கிறது, எது தூங்குகிறது என்பதில்தான் வேறுபாடு. 1957இல் கான்ராட் வாடிங்டன் இதற்கு ஒரு படம் வரைந்து காட்டினார். மலைச்சரிவில் உருளும் பந்து ஏதோ ஒரு பள்ளத்தாக்கில் இறங்கிவிடுகிறது. தோல் செல் ஒரு பள்ளம், நரம்புச் செல் இன்னொரு பள்ளம். இறங்கிய பந்து திரும்ப மேலே ஏறாது என்றுதான் நெடுங்காலம் பெரும்பாலோர் நம்பினார்கள்.

1962இல் ஜான் கர்டன் அந்த நம்பிக்கையை உடைத்தார். தவளையின் தலைப்பிரட்டைக் குடலிலிருந்து ஒரு செல்லின் உட்கருவை எடுத்து, உட்கரு அழிக்கப்பட்ட முட்டைக்குள் வைத்தார். நூற்றுக்கு ஒன்றிரண்டு முட்டைகள் நல்ல தலைப்பிரட்டைகளாக வளர்ந்தன. குடல் செல்லாக முடிந்துபோனது என்று நினைத்த உட்கருவுக்குள் ஒரு முழு உயிரையும் கட்டும் செய்தி அழியாமல் இருந்தது. 1987இல் மயோடி என்ற ஒற்றை மரபணுவைக் கொடுத்தாலே ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லைத் தசைச் செல்லின் பாதைக்குத் திருப்பலாம் என்று அமெரிக்காவில் கண்டார்கள். 2006இல் ஜப்பானில் ஷின்யா யமனாகாவும் கசுதோஷி தகஹாஷியும் 24 மரபணுக்களில் தொடங்கி, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்து, நான்கு போதும் என்று காட்டினார்கள். எலியின் தோல் செல் ஸ்டெம் செல்லாக மாறியது. மறு ஆண்டே மனிதச் செல்லிலும் அது நடந்தது. கர்டனுக்கும் யமனாகாவுக்கும் 2012இல் நோபல் பரிசு.

செயற்கை உயிரியல் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. 2000ஆம் ஆண்டில் பாக்டீரியாவுக்குள் மரபணுக்களாலேயே ஒரு ஸ்விட்சையும் ஒரு கடிகாரத்தையும் கட்டிக் காட்டினார்கள். என் வேலை இந்த இரண்டு பாதைகளும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. செல்லுக்குள் போகும் மரபணு எப்போது எரிய வேண்டும், எத்தனை நாள் எரிய வேண்டும், எப்போது அணைய வேண்டும் என்று தீர்மானிக்கும் ஸ்விட்சுகளை வடிவமைப்பது. ஒரு நாள் கூடுதலாக எரிந்தாலும் செல் செத்துப்போகலாம்.

இதைக் கூட்டங்களில் விளக்கும்போது சில தோழர்கள் உற்சாகமாகிவிடுகிறார்கள். "பிறப்பால் எதுவும் தீர்மானமாவதில்லை என்று அறிவியலே நிரூபித்துவிட்டதே!" நான் அங்கேயே நிறுத்திவிடுவேன். சாதியை ஒழிக்கச் செல் உயிரியலின் சான்றிதழ் நமக்குத் தேவையில்லை. நாளைக்கு ஓர் ஆய்வு முடிவு மாறினால் நம் சமத்துவமும் மாறிவிடுமா? அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே, சாதி ஒழிப்பு நூலில், ரத்தத் தூய்மை என்றும் நல்லினப் பெருக்கம் என்றும் சாதிக்கு முட்டுக் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்லி முடித்துவிட்டார். அப்போது மரபணு என்பது டி.என்.ஏ.யால் ஆனது என்றுகூட உலகுக்குத் தெரியாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. "உங்களையும் மாற்றிவிடலாம், எங்களைப் போல ஆக்கிவிடலாம்" என்று கருணையோடு வரும் பேராசிரியர்கள் இருக்கிறார்கள். ஆங்கில உச்சரிப்பைத் திருத்துவார்கள், சட்டையைத் திருத்துவார்கள், என்ன சாப்பிட வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். மறுநிரலாக்கம் தேவைப்படுவது எங்களுக்கு என்பது அவர்கள் நினைப்பு. நாங்கள் கேட்பது மீடியத்தை மாற்றச் சொல்லி.

நான் உயிரியலை இங்கே இழுப்பதற்குக் காரணம் வேறு. "அதெல்லாம் ஜீன்லயே இருக்கணும்" என்று தேநீர் இடைவேளையில் சொல்கிறவர்கள் தெருவில் போகிறவர்கள் இல்லை, ஜீனைத் தொழிலாகக் கொண்டவர்கள். 2016இல் கிரெய்க் வென்டர் குழு, உயிர் வாழ்வதற்கு அத்தியாவசியமான மரபணுக்களை மட்டும் வைத்து ஒரு பாக்டீரியாவைக் கட்டியது. மொத்தம் 473 மரபணுக்கள். அதில் 149 என்ன வேலை செய்கின்றன என்று கட்டியவர்களுக்கே அப்போது தெரியவில்லை. மனிதன் தன் கையால் கட்டிய மிகச்சிறிய உயிரிலேயே மூன்றில் ஒரு பங்கு புரியாதபோது, ஒரு மனிதனின் அறிவு எந்தச் சாதியின் ஜீனில் இருக்கிறது என்று மட்டும் இவர்களுக்குத் துல்லியமாகத் தெரிந்துவிடுகிறதாம்.

கடைசி இடம் பிடித்த சிறுவன்

எங்கள் துறைக் கருத்தரங்குகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் இரண்டு கதைகள் உண்டு. ஒன்று, ஜான் கர்டன் 1949இல் ஈட்டன் பள்ளியில் உயிரியலில் 250 மாணவர்களில் கடைசி. விஞ்ஞானியாகும் ஆசை வீண் என்று ஆசிரியர் அறிக்கை எழுதினார். அந்த அறிக்கையைச் சட்டம் போட்டு மேசை மேல் வைத்திருந்தார் கர்டன். இன்னொன்று, யமனாகா எலும்பு அறுவை மருத்துவராகத் தொடங்கி அதில் தேறாமல் போனவர். மற்றவர்கள் சில நிமிடங்களில் முடிக்கும் அறுவை சிகிச்சைக்கு அவர் மணிக்கணக்கில் எடுத்துக்கொள்வார். "ஜமா" என்றால் ஜப்பானிய மொழியில் இடைஞ்சல். அவரை "ஜமனாகா" என்று கேலி செய்தார்கள்.

கதை முடிந்ததும் அரங்கு கைதட்டும். தோல்வியைக் கண்டு துவளாதீர்கள் என்று பேராசிரியர் முடித்துவைப்பார். நானும் கைதட்டியிருக்கிறேன். ஆனால் கதையின் மறுபாதியை யாரும் சொல்வதில்லை. கர்டன் படித்த ஈட்டன், இங்கிலாந்தின் ஆளும் வர்க்கம் படிக்கும் பள்ளி. கடைசி இடம் பிடித்த பிள்ளைக்கு அவர் பெற்றோரால் தனி ஆசிரியர் வைத்து உயிரியல் கற்றுக்கொடுக்க முடிந்தது. வேறு பாடத்துக்கு என்று ஆக்ஸ்ஃபோர்டில் நுழைந்தவரால் விலங்கியலுக்கு மாற முடிந்தது. அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. தோற்ற பிறகும் அவருக்கு நேரம் இருந்தது, வாசல் திறந்திருந்தது என்கிறேன்.

இந்தக் கதைகளைச் சொல்லிக் கைதட்டல் வாங்கும் அதே பேராசிரியர், பிஎச்.டி. நேர்காணலில் தலித் மாணவியின் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். "தமிழ் மீடியமா?" என்கிறார். கர்டன் 250இல் கடைசியாக இருந்தால் மேதையின் தொடக்கம். நம் பிள்ளை கட்-ஆஃபில் ஐந்து மதிப்பெண் குறைந்தால் தேசத்தின் அறிவியலுக்கே ஆபத்து.

ஒரே கிருமி, இரண்டு தீர்ப்பு

செல் வளர்ப்பில் எல்லோரும் பயப்படும் ஒரு கிருமி மைக்கோபிளாஸ்மா. மிகச்சிறியது. சாதாரண நுண்ணோக்கியில் தெரியாது, மீடியம் கலங்காது, வழக்கமாகப் போடும் ஆன்டிபயாடிக் பலவற்றுக்கு அசையாது. செல்கள் சாகாமல் மெல்ல மெல்லச் சோர்ந்துபோகும். பி.சி.ஆர். சோதனை செய்தால்தான் பிடிபடும். ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு, பொதுவான மீடியம் போத்தல் வழியே, லேப் முழுக்கப் பரவும்.

என் மூன்றாம் ஆண்டில் என் செல்கள் மாறுவதை நிறுத்தின. நான்கு மாதம் ஒன்றும் வரவில்லை. நெறியாளர் வாராந்திரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், கிருமி புகாமல் கையாளும் பழக்கம் சிலருக்குக் குடும்பத்திலிருந்தே வர வேண்டும், பிறகு கற்றுக்கொள்வது கடினம் என்றார். சாதிப் பெயர் எதையும் உச்சரிக்கவில்லை. உச்சரிக்கத் தேவையும் இல்லை. சுத்தம் என்ற சொல் இந்த நாட்டில் யாரைக் குறிபார்க்கும் என்று அறையில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அடுத்த வாரம் முதல் என் தட்டுகள் தனி இன்குபேட்டருக்குப் போயின. அந்தப் பழைய இன்குபேட்டர் நடைவழியில், ஃபிரீசருக்குப் பக்கத்தில் இருந்தது. ஊரில் காலனி எங்கே இருக்கிறதோ அதே முறைதான்.

இரண்டு மாதம் கழித்து எல்லோருடைய செல்களையும் சோதித்தார்கள். கிருமி, வெளியூர் லேபிலிருந்து சோதிக்காமல் கொண்டுவரப்பட்ட ஒரு செல் வரிசையில் இருந்து வந்திருந்தது. கொண்டுவந்தவர் எனக்கு மூத்த மாணவர், முற்பட்ட சாதி. "இது எந்த லேபிலும் நடக்கும்" என்றார் நெறியாளர். அதுவும் உண்மைதான். எந்த லேபிலும் நடக்கும். என் தட்டில் நடந்தபோது மட்டும் அது என் குடும்பத்தின் குறையாக இருந்தது. யாரும் என்னிடம் வருத்தம் தெரிவிக்கவில்லை. என் இன்குபேட்டர் நடைவழியிலேயே இருந்தது.

இதில் அந்த மூத்த மாணவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் 14 மாதம் முடிவே வராத ஒரு பெரிய கேள்வியோடு மல்லுக்கட்டினார். அப்படி மல்லுக்கட்டத்தான் அறிவியல். அவரால் அது முடிந்ததற்கு, அவரைக் கேள்வி கேட்காத ஒரு நெறியாளரும், ஊரில் அவர் பணத்தை எதிர்பார்க்காத ஒரு குடும்பமும் இருந்தன. என் உதவித்தொகை ஒருமுறை ஐந்து மாதம் வரவில்லை. 2023 ஜனவரியிலிருந்து இளநிலை ஆய்வாளருக்கு மாதம் 37,000, முதுநிலைக்கு 42,000 என்று உயர்த்தியதைப் பலர் பெருமையாகச் சொல்கிறார்கள். வராத 37,000 எத்தனை ரூபாய்? ஸ்டெம் செல் வளர்க்கும் மீடியத்தின் ஒரு போத்தலை வாங்க என் ஒரு மாத உதவித்தொகை பத்தாது. அந்தப் போத்தல் தீர்ந்தால் மறுநாளே ஆர்டர் போகிறது. மாணவனின் பணம் நின்றால் "போர்ட்டலில் பிரச்சினை" என்கிறார்கள். செல்லுக்கு ஒரு நாள் உணவு தவறக்கூடாது என்று தெரிந்த நிறுவனத்துக்கு, மாணவனுக்கு ஐந்து மாதம் தவறலாம் என்று எப்படித் தோன்றுகிறது?

காத்திருக்க முடிந்தவர்களே ஆபத்தான கேள்வியைக் கேட்கலாம். காத்திருக்க முடியாதவர்களுக்கு "சேஃப் பிராஜெக்ட்" கொடுக்கப்படும். யாரோ செய்து முடித்ததைத் திரும்பச் செய்து சரிபார்ப்பது, யாரோ எழுதும் கட்டுரைக்கு நான்காவது படம் தயாரிப்பது. ஆறு வருடம் கழித்து, "பாருங்கள், இவர்களிடம் பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை" என்று அதையே சான்றாகக் காட்டுவார்கள்.

எந்தக் கேள்வியைக் கேட்பது

இழப்பு எங்களோடு முடிவதில்லை. அரிவாள் செல் சோகை என்று ஒரு நோய். ரத்தச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து நாளங்களை அடைக்கும். தாங்க முடியாத வலி வரும். இந்தியாவில் இந்த மரபணுவை 1952இல் முதன்முதலாகக் கண்டது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். மத்திய இந்தியா முழுக்கப் பழங்குடிகளிடமும் தலித்துகளிடமும் இது பரவலாக இருக்கிறது. நோயாளியின் தோலையோ ரத்தத்தையோ எடுத்து, ஸ்டெம் செல்லாக மாற்றி, பிழையான எழுத்தைத் திருத்தி, ரத்தம் உண்டாக்கும் செல்லாக வளர்ப்பது எங்கள் துறையின் பெரிய கனவுகளில் ஒன்று.

இரண்டாம் ஆண்டில் நான் எழுதிக்கொடுத்த ஆய்வுத் திட்டம் இதுதான். "இது சமூக சேவை. பெரிய பத்திரிகையில் வராது" என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2023இல் ஒன்றிய அரசு அரிவாள் செல் நோயை 2047க்குள் ஒழிக்கும் திட்டத்தை அறிவித்தது. அந்த ஆண்டு இறுதியில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு அனுமதி கிடைத்தது. அமெரிக்காவில் அதன் விலை ஒரு நோயாளிக்கு 22 லட்சம் டாலர். உடனே எங்கள் லேபின் நிதி விண்ணப்பத் தலைப்பிலேயே அரிவாள் செல் வந்து உட்கார்ந்துகொண்டது. திட்டத்தை எழுதும் குழுவில் நான் இல்லை.

யாருக்கு இந்த நோய் வருகிறதோ அவர்கள் ரத்த மாதிரியாக மட்டும் லேபுக்குள் வரலாம். கேள்வி கேட்பவராக வரக்கூடாது. கூடலூரிலோ கச்சிரோலியிலோ பிறந்த ஒரு பழங்குடிப் பெண் இந்தத் துறையில் லேப் தலைவராக இருந்திருந்தால், அமெரிக்காவில் அனுமதி கிடைக்கும் வரை இந்தக் கேள்வி காத்திருந்திருக்குமா? 22 லட்சம் டாலர் விலையில் முடியும் பாதையை அவர் தேர்ந்தெடுத்திருப்பாரா?

கன்றின் ரத்தமும் சைவ மேசையும்

செல் வளர்ப்பு லேபின் சமையலறைக்குள் ஒருமுறை எட்டிப் பாருங்கள். பெரும்பாலான செல்களுக்கு ஊற்றும் சீரம், பிறக்காத கன்றின் ரத்தத்திலிருந்து எடுப்பது. தட்டிலிருந்து செல்லைப் பிரிக்கும் டிரிப்சின், வழக்கமாகப் பன்றியின் கணையத்திலிருந்து வருவது. தட்டின் அடியில் பூசும் ஜெலட்டின், பன்றித் தோலோ மாட்டின் எலும்பும் தோலுமோ. ஸ்டெம் செல்லுக்கு மெத்தையாகப் போடுவது எலிக் கருவின் செல்கள். மாடும் பன்றியும் எலியும் இல்லாமல் இந்த அறிவியலில் ஓர் அடி நகர முடியாது.

அந்தக் கன்றின் ரத்தத்தைக் கையுறை மாட்டிக்கொண்டு காலை முழுக்கப் பிப்பெட்டில் உறிஞ்சியவர், மதியம் உணவறையில் என் டிபன் பாக்ஸைப் பார்த்து மைக்ரோவேவைத் துடைக்கச் சொல்கிறார். விஞ்ஞானி! 2018இல் சென்னை ஐ.ஐ.டி. உணவகத்தில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனி வாசல் என்று அறிவிப்பு ஒட்டினார்கள், எதிர்ப்புக்குப் பிறகு எடுத்தார்கள். 2023இல் மும்பை ஐ.ஐ.டி. விடுதியில் சைவத்துக்கென்று மேசை ஒதுக்கி, எதிர்த்துப் போராடிய மாணவருக்கு 10,000 ரூபாய் அபராதம் போட்டார்கள். உணவின் பெயரால் நடப்பது தீண்டாமை என்பதற்கு எங்கள் லேபின் ஃபிரிட்ஜைவிட நல்ல சாட்சி கிடையாது. அங்கே அருவருப்புக்குக் காரணம் மாடா, மாட்டைத் தின்னும் மனிதனா என்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

அந்த லேபின் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவுபவர், கிருமிக் கழிவை ஆட்டோகிளேவில் ஏற்றுபவர், விலங்குக் கூடத்தில் எலிக் கூண்டைச் சுத்தம் செய்பவர் எல்லோரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். நான் பார்த்த இடங்களில் பெரும்பாலும் எங்கள் ஆட்கள். எந்த ஆய்வுக் கட்டுரையின் நன்றிப் பட்டியலிலும் அவர்கள் பெயரை நான் பார்த்ததில்லை.

சட்டம் போட்டுப் பூட்டிய கதவு

தனிமனிதர்கள் கெட்டவர்கள், நிறுவனம் நல்லது என்று சொல்லி யாரும் தப்பிக்க வேண்டாம். 2019ஆம் ஆண்டின் ஒன்றியக் கல்வி நிறுவன ஆசிரியர் இடஒதுக்கீட்டுச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். அதன் நான்காவது பிரிவும் அட்டவணையும் சில நிறுவனங்களுக்கு இடஒதுக்கீட்டிலிருந்து விலக்கு அளிக்கின்றன. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், ஹோமி பாபா தேசிய நிறுவனமும் அதன் கிளைகளும், மானேசரின் தேசிய மூளை ஆராய்ச்சி மையம், பெங்களூரின் ஜவாஹர்லால் நேரு மையம் எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. காரணம், அவை "சிறப்பு" நிறுவனங்களாம். எங்கள் ஆட்கள் ஆசிரியராக வந்தால் சிறப்பு கெட்டுவிடும் என்று நாடாளுமன்றமே எழுதிக் கொடுத்திருக்கிறது. 2023 ஜனவரியில் நேச்சர் இதழ், முன்னணி அறிவியல் நிறுவனங்களின் பேராசிரியர்களில் தலித், பழங்குடியினர் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று எழுதியது. லண்டனிலிருந்து வரும் இதழ் எழுதினால்தான் நம் விஞ்ஞானிகளுக்கு அது தரவு. அதற்கு முன்னால் நாம் சொன்னதெல்லாம் புலம்பல்.

2007இலேயே தோரட் குழு டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் விடுதியில் குறிப்பிட்ட தளங்களுக்கு விரட்டப்பட்டதையும், செய்முறைத் தேர்விலும் உள்மதிப்பீட்டிலும் பாகுபாடு இருப்பதாக அவர்கள் சொன்னதையும் பதிவு செய்தது. 2008இல் ஐதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் ஆய்வுக்குத் தமிழ்நாட்டிலிருந்து போன செந்தில்குமாரை இழந்தோம். 2016இல் அதே வளாகத்தில் ரோஹித் வெமுலா. உயிர் அறிவியலில் தொடங்கியவர், அறிவியல் எழுத்தாளராகக் கனவு கண்டவர். சாகும்போது அவருக்கு ஏழு மாத உதவித்தொகை பாக்கி இருந்தது. 2017இல் ஜே.என்.யு.வில் சேலத்து முத்துகிருஷ்ணன். 2019இல் மும்பையில் மருத்துவர் பாயல் தட்வி. இவை நிறுவனப் படுகொலைகள். ரோஹித்தின் தாய் ராதிகாவும் பாயலின் தாய் ஆபிதாவும் 2019இல் உச்ச நீதிமன்றத்தின் படியேற வேண்டியிருந்தது.

2022இல் சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை நிறுத்தினார்கள். 2025இல் வெளிநாட்டில் படிக்கத் தேர்வான 106 விளிம்புநிலை மாணவர்களில் 40 பேருக்கு மட்டும் முதலில் கடிதம் கொடுத்து, மற்றவர்களை நிதி இருந்தால் பார்க்கலாம் என்று நிற்க வைத்தார்கள்.

வடக்கைத் திட்டிவிட்டு நாம் நிம்மதியாகத் தூங்கவும் வழியில்லை. 69 விழுக்காடு இடஒதுக்கீடு உள்ள தமிழ்நாட்டில், நெறியாளர் தன் பெயருக்குப் பின்னால் சாதி போடுவதில்லை. அறையில் சாதிச் சங்கக் காலண்டர் தொங்குகிறது. அவர் வீட்டுக்கு எரிவாயு உருளை புக் செய்வதும் பிள்ளையைப் பள்ளியில் விடுவதும் ஆய்வு மாணவன் வேலை. வைவா அன்று தேர்வாளருக்கு ஓட்டல் அறை, கார், மதிய விருந்து எல்லாம் மாணவன் செலவு. பார்ப்பனரிடமிருந்து நாற்காலியைக் கைப்பற்றிய இடைநிலைச் சாதிக்காரர், அந்த நாற்காலியின் பழக்கத்தையும் சேர்த்தே கைப்பற்றிக்கொண்டார்.

"இடஒதுக்கீடு நுழையும்போது சரி, ஆனால் ஆராய்ச்சியில் சிறப்பு ஒன்றுதான் அளவுகோல்" என்று நம்மிலேயே சிலர் சொல்கிறார்கள். எந்தச் சிறப்பு? ஆயிரத்துக்கு 999 தோல்வியைச் சகிக்கும் துறையில், சிறப்பு என்பது எத்தனை முறை தோற்க உனக்கு அவகாசம் கிடைத்தது என்பதையும் சேர்த்ததுதான். "உங்களில் சிலர் ஜெயித்திருக்கிறார்களே" என்பார்கள் வேறு சிலர். ஜெயித்திருக்கிறார்கள். ஒரு தடவைகூடத் தடுமாறாமல் ஓடியவர்கள் மட்டும். சராசரியாக இருந்துகொண்டு பேராசிரியராகும் வாய்ப்பு முற்பட்ட சாதிக்கு உண்டு. எங்களுக்கு மேதையாக இருந்தால் மட்டும் கதவு திறக்குமாம். அதற்குப் பெயர் சமத்துவம் அல்ல.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். 2019 சட்டத்தின் விலக்குப் பட்டியலை நீக்க வேண்டும். உதவித்தொகை மாதம் பிறந்தால் சம்பளம் போல வர வேண்டும், தாமதித்தால் நிறுவனம் தன் நிதியிலிருந்து கொடுத்துவிட்டுப் பிறகு அரசிடம் வாங்கிக்கொள்ளட்டும். எத்தனை தலித், பழங்குடி மாணவர்கள் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள், எத்தனை ஆண்டில், எத்தனை பேர் பாதியில் போனார்கள் என்று ஒவ்வொரு ஆய்வு நிறுவனமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். நெறியாளரின் ஒப்புதல் கடிதம் இல்லாமலே நெறியாளரை மாற்றிக்கொள்ளும் உரிமை வேண்டும். புகார்க் குழுவில் வெளியிலிருந்து வந்த ஆட்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். குடுவை கழுவும் தொழிலாளிக்கு நிரந்தரப் பணி வேண்டும்.

இந்த ஆண்டு பிஎச்.டி.யில் சேரப்போகும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பயந்து ஒதுங்காதீர்கள், வாருங்கள். சேரும் முன் அந்த நெறியாளரிடம் நம் பிள்ளைகள் எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் முடித்தார்கள் என்று பழைய மாணவர்களிடம் விசாரியுங்கள். லேப் நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். வாயால் சொன்னதை அன்றைக்கே மின்னஞ்சலில் எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். வளாகத்தில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் இருந்தால் முதல் வாரமே போய்ச் சேருங்கள், இல்லாவிட்டால் மூன்று பேர் சேர்ந்து தொடங்குங்கள். "சேஃப் பிராஜெக்ட்" என்று யாராவது நீட்டினால், யாருக்குப் பாதுகாப்பு என்று கேளுங்கள். பெரிய கேள்வியைக் கேளுங்கள். அது ஓடாமல் போனால் போகட்டும், மறுபடி செய்யலாம். அந்த மறுபடிக்கான நேரத்தைப் பிடுங்கி வாங்குவதுதான் இப்போது நம் போராட்டம்.